குழந்தைகளில் கரப்பான்

குழந்தைகளில் கரப்பான் என்பது கைக்குழந்தைப் பருவத்திலும் சிறுபிள்ளைப் பருவத்திலும் தோன்றும், கடும் அரிப்புடன் கூடிய, நாட்பட்ட தோல் அழற்சி நோயாகும். மருத்துவர்கள் இதனை அட்டோபிக் எக்சிமா என்றும் அட்டோபிக் டெர்மடிடிஸ் என்றும் அழைப்பர். இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நோயன்று. தோல் உலர்ந்து, சொரசொரப்பாகி, தடித்து, சில வேளைகளில் நீர் கசியும். சில வாரங்கள் தணிந்திருப்பதும் பின்னர் திடீரெனப் பெருகுவதும் இந்நோயின் இயல்பாகும்.

இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து எதுவும் இல்லை. எனினும் பெரும்பாலான குழந்தைகளில் இதனை வீட்டிலேயே நன்கு கட்டுப்பாட்டில் வைத்திருக்க இயலும். நோய் கட்டுப்படாமல் நீடிக்கும் குழந்தைகளில் பலருக்கு, மருந்து வேலை செய்யாதது காரணமன்று. பூசவேண்டிய அளவில் பூசப்படாததே காரணம். ஸ்டீராய்டு களிம்புகளைப் பற்றிய அச்சமும், உணவே நோய்க்கு வேர் என்ற நம்பிக்கையும் இதற்குப் பின்னணியாக அமைகின்றன.

பெயர்

எக்சிமா என்பது கொதித்துப் பொங்குதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அட்டோபி என்ற சொல்லை 1923 ஆம் ஆண்டில் கோக்கா, குக் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் அறிமுகப்படுத்தினர். 'இடம் பொருந்தாத', 'விந்தையான' என்பது அதன் கிரேக்கப் பொருள். ஆஸ்துமா, தூசியால் வரும் மூக்கடைப்பு போன்றவை ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்துத் தோன்றுவதைக் குறிக்க அவர்கள் இச்சொல்லைக் கையாண்டனர். இவ்வகைக் குடும்பங்களின் குழந்தைகளில் காணப்படும் தோல் அழற்சிக்கு 1933 ஆம் ஆண்டில் வைஸ், சுல்ஸ்பெர்கர் ஆகியோர் அட்டோபிக் டெர்மடிடிஸ் எனப் பெயரிட்டனர்.

தமிழில் கரப்பான் என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. சித்த மருத்துவத்திலும் பேச்சு வழக்கிலும் அரிப்பு, தடிப்பு, நீர்க்கசிவு கொண்ட பல தோல் நோய்களுக்கு அது பொதுப் பெயராக வழங்குகிறது. இலங்கைத் தமிழரிடையே குழந்தைகளின் தோல் தடிப்புகளைக் கிரந்தி என்பதும் உண்டு. ஆகவே ஒரு வீட்டில் கரப்பான் எனப்படுவது இன்னொரு வீட்டில் சொறி சிரங்காகவோ படர்தாமரையாகவோ இருக்கலாம். கரப்பான் பூச்சி ஊர்ந்ததால் இந்நோய் வருகிறது என்ற எண்ணம் பெயர் ஒற்றுமையால் எழுந்தது. இக்கட்டுரையில் கரப்பான் என்ற சொல் அட்டோபிக் எக்சிமாவை மட்டுமே குறிக்கிறது.

காரணம்

தோலின் மேலடுக்கு ஒரு செங்கற்சுவரைப் போன்றது. இறந்த உயிரணுக்கள் செங்கற்களாகவும் அவற்றிடையே உள்ள கொழுப்புப் பொருட்கள் சுண்ணச்சாந்தாகவும் அமைகின்றன. கரப்பான் உள்ள குழந்தைகளில் இச்சுவர் இயல்பிலேயே உறுதியற்றது. உள்ளிருக்கும் நீர் வெளியேறித் தோல் உலர்கிறது; வெளியிலுள்ள சோப்பு, தூசி, நுண்ணுயிர்கள் ஆகியன உட்புகுந்து நோயெதிர்ப்பு அமைப்பைத் தூண்டுகின்றன. தூண்டப்பட்ட அமைப்பு அழற்சியை உண்டாக்க, அழற்சி சுவரை மேலும் சிதைக்கிறது. அரிப்பால் குழந்தை சொறியும்போது எஞ்சிய சுவரும் கிழிகிறது. சொறிவதால் அரிப்பும் அரிப்பால் சொறிதலும் வளரும் இச்சுழற்சியை உடைப்பதே எல்லாச் சிகிச்சைகளின் நோக்கமுமாகும்.

சுவரின் உறுதிக்குத் தேவையான ஃபிலாக்ரின் என்னும் புரதத்தை உருவாக்கும் மரபணு முதலாம் நிறப்புரியில் உள்ளது. அம்மரபணுவின் குறைபாடு இந்நோய்க்கான வாய்ப்பைப் பெரிதும் கூட்டுகிறது என்பதை 2006 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்லீன் தலைமையிலான குழுவினர் கண்டறிந்தனர். அதுவரை முதன்மையாக நோயெதிர்ப்பு அமைப்பின் கோளாறாகவே கருதப்பட்ட கரப்பான், தோல்சுவரின் கோளாறாகவும் பார்க்கப்படத் தொடங்கியது இதன் பின்னரே. எனினும் இக்குறைபாடு இல்லாத பல குழந்தைகளுக்கும் நோய் வருவதால் அது ஒன்றே காரணமன்று. பெற்றோரில் ஒருவருக்குக் கரப்பான், ஆஸ்துமா அல்லது ஒவ்வாமை மூக்கழற்சி இருந்தால் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுதலாகும்.

வியர்வை, வெப்பம், கம்பளி போன்ற சொரசொரப்பான துணி, சோப்பு, வீட்டுத் தூசி, சளிக்காய்ச்சல், பல் முளைக்கும் காலத்து எச்சில் ஒழுகல் ஆகியன நோயைத் தூண்டுவன. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கோடை வியர்வை பல குழந்தைகளுக்குத் தொல்லை தருகிறது. குளிர் நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலோ, வெப்பமூட்டப்பட்ட அறைகளின் உலர்ந்த காற்றால் நோய் குளிர்காலத்தில் பெருகுகிறது.

அறிகுறிகள்

நோயுற்றோரில் பெரும்பாலோருக்கு ஐந்து வயதிற்குள்ளும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் வயதிற்குள்ளுமே நோய் தொடங்கிவிடுகிறது. கைக்குழந்தைகளில் கன்னம், நெற்றி, தலை, கைகால்களின் வெளிப்புறம் ஆகிய இடங்களில் தடிப்புகள் தோன்றும். அரைத்துணி கட்டும் பகுதி பெரும்பாலும் தப்பிவிடுகிறது. இது நோயை அடையாளம் காண உதவும் ஒரு குறிப்பாகும். இரண்டு வயதிற்குப் பின் முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் ஆகியவற்றுக்கு நோய் இடம் மாறுகிறது. நெடுநாள் சொறிந்த தோல் யானைத்தோல் போலத் தடித்துக் கோடுகள் ஆழமாகும்.

நோயறிதலுக்கு இரத்தப் பரிசோதனை தேவையில்லை. ஹனிஃபின், ராய்க்கா ஆகியோர் 1980 ஆம் ஆண்டில் வகுத்த அளவுகோல்களும், அவற்றைச் சுருக்கி 1994 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவர்கள் வெளியிட்ட அளவுகோல்களும் பயன்பாட்டில் உள்ளன. இரண்டிலும் அரிப்பே முதன்மையானது. அரிப்பில்லாத தடிப்பு கரப்பானாக இருப்பது அரிது.

மருத்துவ நூல்களிற் பல, செந்நிறத் தடிப்பு என்றே இந்நோயை வருணிக்கின்றன. அது வெண்ணிறத் தோலுக்கு உரிய வருணனை. மாநிறத்திலும் கருநிறத்திலும் செம்மை எளிதிற் புலப்படாது. அழற்சியுற்ற இடம் கருஞ்சாம்பல், ஊதா அல்லது அடர்பழுப்பு நிறமாகத் தோன்றும். மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு பொரிகளாகவும் எழலாம். படங்களில் உள்ள செம்மையைத் தேடும் பெற்றோர், சில வேளை மருத்துவரும்கூட, நோயின் கடுமையைக் குறைத்து மதிப்பிடுவதற்கு இது இடமளிக்கிறது. தடவிப் பார்க்கையில் தெரியும் சொரசொரப்பு, வெதுவெதுப்பு, தடிப்பு ஆகியன நிறத்தைவிட நம்பத்தக்கவை.

அழற்சி தணிந்த இடத்தில் தோல் வெளுத்தோ கறுத்தோ பல மாதங்கள் இருக்கும். கன்னத்தில் காணப்படும் மங்கலான தேமல்களும் இக்குழந்தைகளில் மிகுதி. இவ்வெளுப்பு பூசிய களிம்பால் வந்தது என்று கருதிப் பலர் சிகிச்சையை இடையில் நிறுத்துகின்றனர். மிக வீரியமான ஸ்டீராய்டு வெளுப்பை உண்டாக்கக் கூடுமெனினும், இக்குழந்தைகளில் வெளுப்பு பெரும்பாலும் நோயின் சுவடே. அழற்சி அடங்கிய பின் நிறம் தானாக மீளும். வயிற்றுப் பூச்சியால் தேமல் வருகிறது என்பதற்கு ஆதாரமில்லை. வெண்புள்ளி நோயில் தோல் பால்போல் முற்றிலும் வெளுத்து, எல்லை தெளிவாக இருக்கும்.

கரப்பானைப் போலத் தோன்றும் பிற நோய்கள்

இவற்றுள் முதன்மையாக அறியவேண்டியது சொறி சிரங்கு. இது ஒருவகைச் சிற்றுண்ணியால் வருவது, தொற்றக்கூடியது. வீட்டில் ஒருவருக்கு மேல் இரவில் அரிப்பு இருப்பதும், விரல் இடுக்குகளிலும் கைக்குழந்தையின் உள்ளங்கை, உள்ளங்காலிலும் பொரிகள் காணப்படுவதும் இதனைக் காட்டும். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் மருந்து பூசினாலன்றி இது நீங்காது. படர்தாமரை விளிம்பு தடித்து நடு தெளிந்த வளையமாகப் பரவும் பூஞ்சை நோய். இதன்மீது ஸ்டீராய்டு பூசினால் அரிப்பு தணிந்து பூஞ்சை பெருகும். பிறந்த சில வாரங்களில் உச்சந்தலையில் படியும் எண்ணெய்ப் பசையுள்ள மஞ்சள் செதில்கள் அரிப்பற்றவை; அவை சில மாதங்களில் தாமாக உதிர்ந்துவிடும்.

அன்றாடப் பராமரிப்பு

ஈரப்பதமூட்டிகளே சிகிச்சையின் அடித்தளம். தோல் நன்றாக இருக்கும் நாட்களிலும் இவற்றை நாளுக்கு இருமுறையாவது உடல் முழுவதும் பூசவேண்டும். பரவலாக நோயுள்ள ஒரு குழந்தைக்கு வாரத்திற்கு 250 முதல் 500 கிராம் வரை பிரித்தானிய வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. 50 கிராம் குழாய் ஒன்றை ஒரு மாதம் பயன்படுத்தும் வீடுகள் பல என்பதை நோக்க, இவ்வளவின் பொருள் விளங்கும். விலையுயர்ந்த ஒன்றைச் சிக்கனமாகப் பூசுவதினும் மலிவான ஒன்றைத் தாராளமாகப் பூசுவதே நன்று.

எந்த வகை சிறந்தது என்ற வினாவுக்கு 2022 ஆம் ஆண்டில் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று விடை தந்தது. 550 குழந்தைகளில் லோஷன், கிரீம், ஜெல், களிம்பு ஆகிய நான்கும் ஒப்பிடப்பட்டன. பயனில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே குழந்தை மறுக்காமல் ஏற்பதும், வீட்டார் தொடர்ந்து வாங்கக்கூடியதுமான ஒன்றே உரிய ஈரப்பதமூட்டியாகும். புழுக்கமான கடலோர ஊர்களில் அடர்ந்த வாசலின் வகைகள் வியர்வையை அடைத்து வேர்க்குருவை உண்டாக்கலாம். அங்கு பகலில் கிரீமும் இரவில் களிம்பும் பொருந்தும். நறுமணம் சேர்க்கப்பட்டவற்றைத் தவிர்க்கவேண்டும். மயிர் வளரும் திசையில், தேய்க்காமல், நீவிப் பூசுதல் நலம்.

தேங்காய் எண்ணெய் பற்றிப் பெற்றோர் கேட்பது வழக்கம். பிலிப்பைன்ஸ் நாட்டில் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2014 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், சூடாக்காமல் பிழியப்பட்ட தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிடக் கூடுதல் பயன் தந்தது. ஆலிவ் எண்ணெய் தோல்சுவரைப் பலவீனப்படுத்துவதாக 2013 ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியதால் அதனைத் தவிர்ப்பது நல்லது. கடுகெண்ணெயும் பொருந்தாது.

நாள்தோறும் வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் குளிப்பாட்டலாம். குளித்தால் தோல் உலரும் என்று நாட்கணக்கில் குளிப்பாட்டாமல் விடவேண்டியதில்லை. குளித்தபின் எதுவும் பூசாமல் விடுவதுதான் தோலை உலர்த்துகிறது. மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் ஈரப்பதமூட்டியைப் பூசவேண்டும். சோப்புக்கு மாற்றாக நுரையற்ற கிரீமையே பயன்படுத்தலாம். தமிழ் வீடுகளில் குழந்தையைக் காலில் கிடத்தி, சூடான நீர் ஊற்றி, பயத்தம் மாவோ கடலை மாவோ தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, முகப்பவுடர் போடும் வழக்கம் உண்டு. இயல்பான தோலுக்கு இதனால் பெருந்தீங்கு இல்லாதிருக்கலாம். கரப்பான் உள்ள தோலுக்கோ சூடும் உராய்வும் புகையும் பவுடரும் ஒவ்வாதன. குளிப்பாட்டும் பாட்டியின் அன்பைக் குறை கூறாமல் இதனைச் சொல்லிப் புரியவைப்பது மருத்துவருக்கும் தாய்க்கும் எளிதான செயலன்று.

நகங்களைக் குட்டையாக வெட்டுதல், தளர்வான பருத்தி ஆடை, இரவில் கையுறை, வியர்த்தவுடன் ஈரத்துணியால் ஒற்றுதல் ஆகியன உதவும். ஈரப்பதமூட்டி ஊறிய துணிகள் எளிதில் தீப்பற்றுவன. 2018 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இது குறித்து எச்சரித்தது. களிம்பு பூசிய குழந்தையை அடுப்பு, குத்துவிளக்கு, பட்டாசு ஆகியவற்றின் அருகே விடலாகாது.

ஸ்டீராய்டு களிம்புகள்

ஈரப்பதமூட்டி சுவரைப் பூசுமேயன்றி எரியும் அழற்சியை அணைக்காது. அதற்கு ஸ்டீராய்டு களிம்பு தேவை. ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு தோல்மேற் பூச்சாகப் பயன் தருவதை 1952 ஆம் ஆண்டில் சுல்ஸ்பெர்கர், விட்டன் ஆகியோர் காட்டினர். ஏழு பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட பயன்பாடு இம்மருந்துகளின் நன்மையையும் தீமையையும் நன்கு தெரியப்படுத்தியுள்ளது.

இவை வீரியத்தால் நான்கு வகைப்படும். ஹைட்ரோகார்ட்டிசோன் 1% மிதமானது; குளோபெட்டசோன் நடுத்தரமானது; மொமெட்டசோனும் பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1 சதவீதமும் வீரியமானவை. குளோபெட்டசால் மிக வீரியமானது. சதவீத எண்ணைக் கொண்டு வீரியத்தை அளக்க முடியாது. குளோபெட்டசால் 0.05 சதவீதம், ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதத்தைவிடப் பன்மடங்கு வலியது. குழந்தையின் முகத்திற்கு மிதமான வகையே ஏற்றது. ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைக்கு வீரியமான வகைகளைத் தோல் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பின்றிப் பூசலாகாது. அரைத்துணி கட்டிய பகுதியில் மருந்து மிகுதியாக உட்கிரகிக்கப்படும்.

அளவு குறித்த குழப்பத்தை நீக்க 1991 ஆம் ஆண்டில் லாங், ஃபின்லே ஆகியோர் விரல்நுனி அளவு என்னும் முறையை வெளியிட்டனர். பெரியவர் ஒருவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை குழாயிலிருந்து பிதுக்கப்படும் களிம்பு ஏறக்குறைய அரை கிராம். இது பெரியவரின் இரண்டு உள்ளங்கைகள், விரல்கள் உட்பட, கொள்ளும் பரப்புக்குப் போதும். ஒன்று முதல் இரண்டு வயதுள்ள குழந்தைக்கு ஒரு முழுக் கைக்கு ஒன்றரை அளவு, ஒரு முழுக் காலுக்கு இரண்டு அளவு, நெஞ்சும் வயிறும் சேர்ந்து இரண்டு அளவு, முதுகும் பிட்டமும் சேர்ந்து மூன்று அளவு, முகமும் கழுத்தும் சேர்ந்து ஒன்றரை அளவு வேண்டும். இரு கைகளிலும் இரு கால்களிலும் நோய் பரவியிருந்தால் ஒரு முறைக்கு ஏழு அளவு, அதாவது மூன்றரை கிராம். 15 கிராம் குழாய் நான்கு நாட்களில் தீர்ந்துவிடும். அது தீராமல் மூன்று மாதம் இருந்தால், குழந்தைக்குச் சிகிச்சை நடைபெறவில்லை என்றே கொள்ளவேண்டும்.

நாளுக்கு ஒரு முறை பூசுவதே பொதுவாகப் போதுமானது. நோயுள்ள இடம் மென்மையாகி அரிப்பு நீங்கும் வரை, பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம், தொடர்ந்து பூசி நிறுத்தவேண்டும். இரண்டு நாள் பூசி, சற்றுத் தணிந்தவுடன் அஞ்சி நிறுத்தி, நோய் மீண்டும் எழ, மறுபடியும் இரண்டு நாள் பூசுவது அழற்சியை ஒருபோதும் முழுதாக அணைப்பதில்லை. ஆண்டுக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் இவ்வாறு பூசியோர் கூடுதலாகவே பூசியிருக்கக்கூடும். ஒரே இடத்தில் அடிக்கடி நோய் திரும்பும் குழந்தைகளுக்கு, தோல் தெளிந்த பின்னும் வாரத்தில் அடுத்தடுத்த இரு நாட்கள் மட்டும் பூசும் முறை உண்டு. ஸ்டீராய்டுக்கும் ஈரப்பதமூட்டிக்கும் இடையே 15 முதல் 30 நிமிட இடைவெளி விடுதல் நலம்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் 200 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் 72.5 சதவீதத்தினர் இம்மருந்துகளைப் பற்றிக் கவலை கொண்டிருந்தனர். 24 சதவீதத்தினர் அக்கவலையால் மருந்தைச் சரிவரப் பூசவில்லை. தோல் மெலிதல், வளர்ச்சி குன்றல் ஆகியன பெரிதும் அஞ்சப்படுபவை. உரிய வீரியமுள்ள களிம்பை மருத்துவர் கூறிய காலத்திற்குப் பூசும்போது இவை அரிதாகவே நேர்கின்றன.

எனினும் இந்தியாவில் இவ்வச்சத்திற்கு வேறொரு நியாயமும் உள்ளது. ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி ஆகிய மூன்றும் கலந்த களிம்புகள் மருந்துக் கடைகளில் சீட்டின்றி நெடுங்காலம் விற்கப்பட்டன. முகத்தை வெளுக்க வைக்கும் பூச்சாகவும் பலர் இவற்றைப் பயன்படுத்தி, தோல் மெலிந்து முகம் புண்பட்டனர். 2018 ஆம் ஆண்டில் இந்திய அரசு தோல்மேற் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. இத்தகைய கலவைக் களிம்புகளைக் குழந்தைக்குக் கடைக்காரர் சொற்படி பூசலாகாது. இங்கு ஒரு முரண் காணப்படுகிறது: மருத்துவர் எழுதித்தரும் மிதமான களிம்பை அஞ்சி ஒதுக்கும் அதே வீட்டில், பெயர் தெரியாத வீரியக் களிம்பு அச்சமின்றிப் பூசப்படுகிறது.

மூலிகைக் களிம்பு என்ற பெயரும் பாதுகாப்புக்கு உறுதியன்று. 1999 ஆம் ஆண்டில் லண்டனில் ஆராயப்பட்ட 11 சீன மூலிகைக் களிம்புகளில் எட்டில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்தது. உட்பொருள் அச்சிடப்படாத ஒரு களிம்பு மூன்றே நாளில் வியக்கத்தக்க குணம் தந்தால் ஐயுறுவதே முறை.

ஸ்டீராய்டு அல்லாத பூச்சுகளில் டாக்ரோலிமஸ் 0.03% இரண்டு வயதிற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு, குறிப்பாக முகத்திலும் கண்ணிமையிலும், பயன்படுகிறது. பூசிய முதல் சில நாட்களில் எரிச்சல் இருக்கும். புற்றுநோய் அச்சம் காரணமாக 2006 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதன் உறையில் எச்சரிக்கை அச்சிடப்பட்டது. பின்னர் ஏறக்குறைய 8,000 குழந்தைகளைப் பல்லாண்டு தொடர்ந்து 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் ஆறு புற்றுநோய்கள் பதிவாயின. அவ்வயதினரில் இயல்பாகவே எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கை 5.95 ஆகும்.

உணவு

தமிழ் வழக்கில் கத்தரிக்காய், கருவாடு, சோளம் முதலியவை கரப்பான் பண்டங்கள் எனப்படுகின்றன. குழந்தைக்குத் தோல் தடித்தவுடன் இவையும், அவற்றோடு பால், முட்டை, மீன், நிலக்கடலை ஆகியனவும் நிறுத்தப்படுகின்றன. பாலூட்டும் தாயும் பத்தியத்திற்கு உட்படுகிறாள். தாயின் உணவைக் குறைப்பதால் குழந்தையின் கரப்பான் நீங்கும் என்பதற்கு நல்ல ஆதாரமில்லை. தாய் மெலிவதே கண்ட பலன்.

கடுமையான கரப்பான் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு உணவு ஒவ்வாமை இருப்பது உண்மை. பால், முட்டை, நிலக்கடலை, கோதுமை, சோயா, மீன் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. ஆனால் உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் உதடு வீங்குதல், உடலெங்கும் காஞ்சொறி பட்டாற்போல் தடித்தல், வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியன தோன்றுவதே இதன் வழக்கமான வடிவம். முழங்கை மடிப்பில் மாதக்கணக்கில் நீடிக்கும் தடிப்பு, நேற்று உண்ட கத்தரிக்காயால் வருவதன்று. இரத்தப் பரிசோதனையில் ஓர் உணவுக்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்படுவது மட்டும் ஒவ்வாமையை நிறுவாது. அவ்வுணவை இதுவரை தொல்லையின்றி உண்டுவந்த குழந்தைக்கு அதனை நிறுத்தினால், உடல் அதனை ஏற்கும் பழக்கத்தை இழந்து, பின்னொரு நாள் உண்ணும்போது கடும் ஒவ்வாமை வரக்கூடும்.

2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான மருத்துவ அறிக்கைகளில், பாலை நிறுத்தி அரிசியால் செய்த பானம் மட்டும் ஊட்டப்பட்ட சிறு குழந்தைகள் குவாஷியோர்கர் என்னும் கடும் புரதக் குறைபாட்டு நோய்க்கு ஆளானமை விவரிக்கப்பட்டது. வறுமையோ உணவுப் பஞ்சமோ அதற்குக் காரணமில்லை. ஒவ்வாமை என்று கருதி உணவை நீக்கியதே பலரில் காரணமாயிற்று. பாலோ முட்டையோ நிறுத்தவேண்டியிருந்தால் மருத்துவரின் சோதனைக்குப் பின், குறிப்பிட்ட காலத்திற்கு, மாற்று உணவுடன் நிறுத்தவேண்டும்.

நிலக்கடலையைப் பொறுத்தவரை கருத்து நேரெதிராக மாறியுள்ளது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை லண்டனில் கிடியன் லாக் தலைமையிலான குழுவினர் ஆராய்ந்து 2015 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நான்கு முதல் பதினொரு மாத வயதிலேயே நிலக்கடலை உணவைத் தொடங்கியோரில், தவிர்த்தோரைவிட நிலக்கடலை ஒவ்வாமை 80 சதவீதத்திற்கு மேல் குறைந்தது. இத்தகைய குழந்தைகளுக்கு முதல் ஊட்டல் மருத்துவரின் ஆலோசனைப்படி நிகழவேண்டும். முழுக் கடலை தொண்டையில் அடைக்குமாதலால் அரைத்த விழுதையே குழைத்துத் தரவேண்டும்.

தொற்றுகள்

கரப்பான் உள்ள தோலில் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா பெரும்பாலும் குடியிருக்கும். அது இருப்பது மட்டுமே தொற்றாகாது. நீர்க்கசிவு, தேன் நிறப் பொருக்கு, சீழ், காய்ச்சல் ஆகியன தொற்றைக் காட்டுவன. மிதமான தொற்றில் நுண்ணுயிர்க்கொல்லிகளால் கூடுதல் பயனில்லை என்பதைக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. பரவிய தொற்றிலும் காய்ச்சலிலும் அவை தேவை.

உடனடி மருத்துவம் தேவைப்படுவது ஹெர்ப்பிஸ் வைரசால் வரும் தொற்று. உதட்டில் கொப்புளம் உள்ள பெரியவர் குழந்தையை முத்தமிடுவதாலும் இது தொற்றலாம். ஒரே அளவான சிறு கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றி, துளையிட்டாற்போன்ற வட்டப் புண்களாகி விரைந்து பரவும். அரிப்பைவிட வலி மிகும். குழந்தை சோர்ந்து காய்ச்சலுறும். கண்ணருகே பரவினால் பார்வைக்குத் தீங்கு நேரலாம். இதற்கு அசைக்ளோவிர் மருந்தை அன்றே தொடங்கவேண்டும். இக்குழந்தையை மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

பயன் காணப்படாதவை

இந்நோய்க்கெனப் பெரும் பொருட்செலவில் விற்கப்படும் சிலவற்றைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் முறையாகச் சோதித்தனர். நீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவியால் பயனில்லை என 2011 ஆம் ஆண்டிலும், பட்டாலான சிறப்பு உள்ளாடைகளால் பயனில்லை என 2017 ஆம் ஆண்டிலும், குளிக்கும் நீரில் கலக்கும் ஈரப்பதமூட்டி எண்ணெய்களால் கூடுதல் பயனில்லை என 2018 ஆம் ஆண்டிலும் அறியப்பட்டது. பிறந்தது முதல் ஓராண்டு நாள்தோறும் ஈரப்பதமூட்டி பூசினால் கரப்பான் வராமல் தடுக்கலாம் என்ற நம்பிக்கையும் 1,394 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் பொய்த்தது. வந்த நோயைக் கட்டுப்படுத்த ஈரப்பதமூட்டி உதவும். வராமல் தடுக்க உதவவில்லை.

ஒவ்வாமைக்குத் தரப்படும் ஆன்டிஹிஸ்டமின் மருந்துகள் கரப்பானின் அரிப்பைப் பெரிதாகக் குறைப்பதில்லை. தூக்கம் தரும் பழைய வகைகளைச் சிறு குழந்தைகளுக்குத் தாமாகத் தருவது ஆபத்தானது.

கடுமையான நோய்

களிம்புகளால் அடங்காத நோய்க்கு, ஸ்டீராய்டு பூசி அதன்மேல் ஈரத்துணியும் உலர்துணியும் சுற்றும் முறை சில நாட்களுக்குப் பயன்படுகிறது. நோயெதிர்ப்பைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்சேட் ஆகியன சிறப்பு மருத்துவரின் கண்காணிப்பில் தரப்படுகின்றன. 2023 ஆம் ஆண்டில் வெளியான ஒப்பீட்டில், சைக்ளோஸ்போரின் விரைவாகவும் மெத்தோட்ரெக்சேட் நீடித்தும் செயல்பட்டன. ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் உடனே குணம் தந்து, நிறுத்தியவுடன் நோயைப் பன்மடங்காக மீளச்செய்வதால் தவிர்க்கத்தக்கன. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் சமிக்ஞைகளைத் தடுக்கும் டுபிலுமாப் என்னும் ஊசிமருந்து 2022 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆறு மாதக் குழந்தை முதல் ஏற்கப்பட்டது. இதன் விலை மிக அதிகம்.

நோயின் கடுமையைத் தடிப்பின் பரப்பு மட்டும் காட்டுவதில்லை. பிரித்தானியாவில் உருவாக்கப்பட்ட போயம் என்னும் ஏழு வினாக்கள் கொண்ட படிவத்தில், கடந்த வாரத்தில் எத்தனை இரவுகள் உறக்கம் கெட்டது என்பதும் ஒரு வினா. இரவுதோறும் விழிக்கும் குழந்தை பகலில் எரிச்சலுறுகிறது, கவனம் சிதறுகிறது, அருகே படுக்கும் தாயும் உறங்குவதில்லை. தோலைப் பார்த்து 'கொஞ்சம்தான் இருக்கிறது' என்று மருத்துவர் கூறும்போது, உறக்கம் கெடும் இரவுகளின் எண்ணிக்கையைப் பெற்றோர் எடுத்துரைப்பது சிகிச்சையின் போக்கை மாற்றக்கூடும்.

தடுப்பூசிகள்

கரப்பான் உள்ள குழந்தைக்கு வழக்கமான தடுப்பூசிகள் அனைத்தையும் உரிய காலத்தில் போடவேண்டும். முட்டை ஒவ்வாமை இருந்தாலும் தட்டம்மைத் தடுப்பூசியைத் தவிர்க்கவேண்டியதில்லை. இக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி ஆகாது என்ற கருத்துக்கு மூலமாக இருக்கக்கூடியது பெரியம்மைத் தடுப்பூசி. அதிலுள்ள உயிருள்ள வைரஸ் கரப்பான் உள்ள தோலில் பரவி உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியதாக இருந்தது. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980 ஆம் ஆண்டில் உலக சுகாதார அமைப்பு அறிவித்ததோடு, குழந்தைகளுக்கு அத்தடுப்பூசியை வழக்கமாகப் போடுவது முடிவுக்கு வந்தது.

நோயின் போக்கு

பெரும்பாலான குழந்தைகளில் நோய் வளர வளரத் தணிகிறது. மிக இளமையில் தொடங்கிக் கடுமையாக இருந்தோருக்கும், ஆஸ்துமா உடன் உள்ளோருக்கும் அது நீடிக்கும் வாய்ப்பு கூடுதல். முற்றிலும் தணிந்தோரிலும் தோல் உலர்ந்தே இருப்பதுண்டு. அவர்களிற் சிலருக்கு, அடிக்கடி நீரிலும் சோப்பிலும் கை நனைக்கும் சமையல், முடிதிருத்தல், செவிலியர் பணி போன்ற தொழில்களில் சேர்ந்தபின் கைகளில் கரப்பான் மீண்டும் தோன்றுகிறது.